தலைவிதியா, விதிப்புத்தகமா?

(பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியான வாரத்தில், படிப்பகம் ஒன்றில் பெற்றோர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு.)



இன்றைய தினம் நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம், காலேஜ் படிப்புகளும் அவைகளில் சேருவதற்கு வேண்டிய யோக்கியதாம்சங்களும் என்பதாகும். இதைக் கேட்டவுடன் சில தோழர்கள், "ஜாதி ஒழிப்பைப் பற்றியும் மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் விண்ணப்பக் காகிதத்தைப் பற்றி என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது?" என்று எண்ணக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லுவதென்னவென்றால், ஜாதியும் மூடநம்பிக்கையும் கோயில் வாசலில் மாத்திரம் உட்கார்ந்திருக்கவில்லை. விண்ணப்பக் காகிதத்திலும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன என்பதுதான். அது எப்படி என்பதை ஒரு சங்கதியைச் சொல்லி ஆரம்பிக்கிறோம்.

போன வருஷம் இதே சமயத்தில், சலவைத் தொழில் செய்யும் தோழர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பெண் பிளஸ் டூ பரீட்சையில் 600-க்கு 541 மதிப்பெண் வாங்கியிருந்தாள். அவள் ஒன்பதாவது படிக்கும்போது தாயார் பெரியாஸ்பத்திரியில் நாற்பது நாள் படுத்திருந்தார்களாம். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் இந்தப் பெண். அங்கே ஒரு நர்சம்மா செய்த வேலையைப் பார்த்து, தானும் அந்த வேலைக்கே படிப்பது என்று அன்றே தீர்மானம் செய்துகொண்டவள். ஆனால் பி.எஸ்ஸி. நர்சிங் படிப்புக்கு விசாரிக்கப் போன இடத்தில், "நீ படித்தது வணிகப் பிரிவு, பௌதிகம், இரசாயனம், உயிரியல் படிக்காதவர்களுக்கு இங்கே இடமில்லை" என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பின் ஏனம்மா வணிகப் பிரிவில் சேர்ந்தாய்?" என்று கேட்டோம். "எங்க ஸ்கூல்ல பயாலஜி குரூப் இல்லைங்க. வாத்தியார் வேலை காலியா இருக்குன்னாங்க. எந்தக் குரூப் படிச்சா என்ன, நல்ல மார்க் வாங்கினா நர்ஸ் ஆயிடலாம்னு சொன்னாங்க" என்றாள். தகப்பனார் குறுக்கிட்டு, "அவ தலையில எழுதினது அவ்வளவுதானுங்க. யாரைச் சொல்லி என்ன பண்றது?" என்றார். அதற்கு அந்தப் பெண் கோபத்தோடு, "தலையில எழுதலப்பா. அந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கு. அந்த அம்மாவே எடுத்துக் காட்டினாங்களே!" என்றாள்.

தோழர்களே! நாம் மேடை மேடையாய் ஏறிப் பல வருஷங்களாகச் சொல்லிவருகிற விஷயத்தை அந்தப் பெண் ஒரே பேச்சில் சொல்லிவிட்டாள். தலைவிதி என்றும் விதி என்றும் நம் மக்கள் அழுதுகொண்டிருப்பதெல்லாம் பிரம்மா எழுதின எழுத்தல்ல. காலேஜ் விதிப்புத்தகத்தில் ஒரு கமிட்டி எழுதி அச்சடித்த எழுத்தேயாகும். பிரம்மா எழுதினதாயிருந்தால் அழுவதைத் தவிர வேறு வழியில்லை. மனிதன் எழுதினதாயிருந்தால், முதலாவதாக அதை முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவதாக, அது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லையென்று கண்டால் மாற்றும்படி செய்யலாம். இந்த மூன்றையும் நம்மவர்கள் செய்வதில்லை என்பதுதான் நம்முடைய குறை.

இப்படிச் சொல்லுவதால், படிப்புக்கு யோக்கியதாம்சமே கூடாது என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. ரண சிகிச்சை செய்கிறவனுக்கு உடம்பில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரியவேண்டாமா? மருந்தை எடைக்குத் தகுந்தாற்போல் அளந்து கொடுக்கவேண்டிய நர்சுக்கு விகிதக் கணக்கு வேண்டாமா? கணக்குத் தெரியாதவன் கட்டின பாலத்தின்மேல் நாம்தானே நடந்து போகவேண்டும்? ஆகையால், ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ள அதற்கு முந்தின பாடம் அவசியமாயிருந்தால் அதைக் கேட்பதில் தப்பே இல்லை. அது மாடிப்படி போன்றது. கீழ்ப்படியில் கால் வைக்காமல் மேல்படிக்குப் போக முடியாது. ஆனால் படி என்று பெயர் வைத்துக்கொண்டு மதில் சுவர் எழுப்புகிறவர்கள் உலகமெங்கும் இருந்திருக்கிறார்கள். எது படி, எது சுவர் என்று கண்டுபிடிப்பதற்கு வழி என்னவென்றால், "இந்த யோக்கியதாம்சம் அந்தப் படிப்பின் எந்தப் பாடத்துக்கு உதவுகிறது?" என்று கேட்கவேண்டியதேயாகும். பதில் இருந்தால் படி. பதில் இல்லாமல் "வழக்கம்" என்றும் "தரம்" என்றும் முணுமுணுத்தால் சுவர்.

இதற்கு வெள்ளைக்காரனுடைய நாட்டிலிருந்தே ஒரு உதாரணம் சொல்லுகிறோம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்கிற இரண்டு பழைய சர்வகலாசாலைகளில் சேருகிறவன், இரசாயனம் படிக்க வந்தாலும் சரி, கணிதம் படிக்க வந்தாலும் சரி, கிரேக்க பாஷையில் தேறியிருக்கவேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். இரசாயனக் குழாயில் இருக்கும் திராவகத்துக்குக் கிரேக்கம் தெரியுமா? தெரியாது. ஆனால் கிரேக்கம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் பணக்காரர்களுடைய பள்ளிக்கூடங்கள். சுரங்கத் தொழிலாளியின் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் அது கிடையாது. ஆகவே, "ஏழை உள்ளே வரக்கூடாது" என்று பலகை எழுதிப்போடாமலே ஏழையைத் தடுத்துவிட முடிந்தது. கேம்பிரிட்ஜில் 1919-லும், ஆக்ஸ்போர்டில் 1920-லும்தான் கிரேக்கக் கட்டாயத்தை எடுத்தார்கள். லத்தீன் பாஷைக் கட்டாயம் அதற்கப்புறமும் 40 வருஷம் இருந்து 1960-ல் தொலைந்தது. கிரேக்கம் போனதனால் அந்த ஊர் இரசாயன சாஸ்திரம் கெட்டுப்போய்விடவில்லை.

நம் நாட்டு விதிகளோ புத்தகத்தில்கூட எழுதப்படாதவை. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் மெட்ரிகுலேஷன் தேறியிருந்தார். தகப்பனார் ஒரு காலேஜ் பிரின்சிபாலாகவே இருந்தவர். அப்படியிருந்தும் அந்த ஊர் மகாராஜா காலேஜில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. ஏன்? பெண்ணாயிருந்தது ஒன்று, தாயார் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர் என்பது மற்றொன்று. மெட்ரிகுலேஷன் என்பது அச்சடித்த யோக்கியதாம்சம். ஆணாய்ப் பிறப்பதும் 'நல்ல' வீட்டில் பிறப்பதும் அச்சடிக்காத யோக்கியதாம்சங்கள். கடைசியில் சமஸ்தானத்து ராஜாவே குறுக்கிட்டு உத்தரவு போட்டபிறகுதான் 1904-ல் இடம் கிடைத்தது. அந்த அம்மையார் 1907-ல் சென்னை மெடிக்கல் காலேஜில் சேர்ந்து 1912-ல் டாக்டரானார். பிற்காலத்தில் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடினவரும், அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தவரும் அவரேதான். அன்று வாசலிலேயே நிறுத்தியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

நிற்க, இன்றைய நிலைமைக்கு வருவோம். இன்று காலேஜ் வாசலில் ஒருவனை நிறுத்தவேண்டிய அவசியமே அநேகமாய் இல்லை. ஏனெனில், அவனை இரண்டு வருஷத்துக்கு முன்பே வேறு சந்தில் திருப்பிவிட்டாகிவிட்டது. பத்தாவது தேறினவுடன் பதினோராவது வகுப்பில் 'எந்தக் குரூப்' என்று ஒரு கேள்வி கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குப் பதினைந்து வயதுப் பிள்ளை சொல்லும் பதிலில்தான் அதன் பாதி ஆயுள் அடங்கியிருக்கிறது. 1978-ல் பி.யு.சி. என்கிற புகுமுக வகுப்பைக் காலேஜிலிருந்து எடுத்து, பிளஸ் டூ என்று பள்ளிக்கூடத்தோடு சேர்த்தார்கள். இதனால் கிராமத்துப் பிள்ளைக்குத் தன் பள்ளிக்கூடத்திலேயே மேற்படிப்பு வந்தது என்பது பெரிய லாபம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதோடு கூடவே, எந்தக் காலேஜுக்குப் போவது என்கிற தீர்மானமும் பள்ளிக்கூடத்து அறைக்குள் வந்துவிட்டது. அந்த அறையில் எந்த வாத்தியார் இருக்கிறாரோ அந்தக் குரூப்தான் அந்த ஊர்ப் பிள்ளைகளுடைய 'விருப்பம்' என்றாகிவிட்டது.

இந்த விதிகளில் முக்கியமானவைகளைச் சொல்லுகிறோம், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். டாக்டர் படிப்புக்கும், பி.எஸ்ஸி. நர்சிங்குக்கும் பௌதிகம், இரசாயனம், உயிரியல் வேண்டும். கணிதம் இல்லாமல் தாவரவியலும் விலங்கியலும் சேர்த்துப் படிக்கிற குரூப்பில் போனால் டாக்டர் வாசல் திறந்திருக்கும். இன்ஜினீயரிங் வாசல் மூடிக்கொள்ளும். நம் நாட்டு இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் மதிப்பெண் கூட்டும்போது கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, இரசாயனத்துக்கு 50, ஆக 200 என்று கணக்குப் போடுகிறார்கள். கணிதத்தோடு உயிரியலும் சேர்ந்த குரூப் இரண்டு வாசலையும் திறந்து வைக்கும். ஆனால் பாரம் அதிகம். வணிகப் பிரிவு என்றால் மட்டம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சுத்தத் தப்பு. ஐந்து வருஷத்துச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் போதும். ஆடிட்டராகிற சி.ஏ. பரீட்சைக்கும் எந்தக் குரூப்பும் போதும். கலெக்டராக்கும் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் போதும். வணிகப் பிரிவு படித்தவன் தாழ்ந்தவனல்ல. நர்சாக விரும்பினவளை அதில் தள்ளிவிட்டதுதான் அக்கிரமம்.

இதைத் தெரிந்துகொள்ள நம் பெற்றோர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜோசியனிடம் போகிறார்கள்! பிள்ளை ஜாதகத்தில் புதன் எங்கே, குரு எங்கே என்று பார்த்து, அவன் 'கம்ப்யூட்டர் லைன்' என்று சொன்னால் அந்தக் குரூப். 'மருத்துவ யோகம்' என்று சொன்னால் இந்தக் குரூப். ராகுகாலம், எமகண்டம் பார்த்து விண்ணப்பம் போடக் காத்திருந்து கடைசித் தேதியைத் தவறவிட்டவரை நாமே பார்த்திருக்கிறோம். புதன் கிரகத்துக்கு 11-ஆம் வகுப்பு கம்ப்யூட்டர் சயன்ஸைப் பற்றி என்ன தெரியும்? ஜோசியனுக்குக் கொடுக்கும் தட்சிணையில் பாதியைச் செலவழித்து டவுனுக்குப் பஸ் ஏறிப்போய், காலேஜ் விதிப்புத்தகத்தில் 'தகுதி' என்று போட்டிருக்கும் பக்கத்தைப் படித்துவிட்டு வரலாம். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லலாம்.

இனி, தொழிற்கல்வி என்கிற விஷயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. இதில்தான் நம்மவர்கள் அதிகமாக ஏமாந்துபோகிறார்கள்.

1953-ல் ராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாக இருந்தபோது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் படிப்பு, மற்ற நேரம் பெற்றோருடைய தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்ததும், பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்ததும், 1954-ல் காமராசர் பதவிக்கு வந்து அதை எடுத்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை ஏன் எதிர்த்தோம்? தொழில் கற்றுக்கொள்வது இழிவு என்பதற்காகவா? ஒருக்காலும் இல்லை. சலவைத் தொழிலாளி மகன் சலவையைக் கற்றுக்கொண்டால் அதோடு அவன் பாதை முடிந்தது. திரும்பி வர வழியில்லை. தொழில் என்பது குற்றமல்ல. திரும்பி வர வழியில்லாமல் செய்ததுதான் குற்றம். ஆகவே, இன்றைக்கும் யாராவது வந்து, "உன் பிள்ளைக்கு மூளை கம்மி, தொழிற்பிரிவில் போடு" என்று சொன்னால், "தொழிற்பிரிவிலிருந்து மேலே போகப் படி இருக்கிறதா?" என்பதுதான் நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி. படி இருந்தால் அது தொழிற்கல்வி. படி இல்லாவிட்டால் அது வேறு பெயர் வைத்துக்கொண்டு வந்த குலக்கல்வி.

சந்தோஷமான சங்கதி என்னவென்றால், இன்று பல இடங்களில் படி இருக்கிறது. ஆனால் அது சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கும் படி மாதிரி யார் கண்ணுக்கும் படாமல் இருக்கிறது. பத்தாவது தேறி ஐ.டி.ஐ.யில் பிட்டர் வேலையோ எலக்ட்ரீஷியன் வேலையோ இரண்டு வருஷம் படித்தவன், பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படிக்காமல் நேராக இரண்டாவது வருஷத்தில் சேரலாம். பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தவன் பி.இ. படிப்பில் நேராக இரண்டாவது வருஷத்தில் சேரலாம். அப்படியானால், பட்டறையில் ராவிப் பழகின கை, பிளஸ் டூ பரீட்சை எழுதாமலே இன்ஜினீயர் பட்டம் வாங்க முடியும். பிளஸ் டூவில் தொழிற்பிரிவு படித்தவர்களுக்கும் இன்ஜினீயரிங்கில் தனியே ஒரு சிறு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷம் ஐ.டி.ஐ. முடித்தவன் பிளஸ் டூ மொழிப் பாடங்களை மட்டும் எழுதித் தேறினால் அவனைப் பிளஸ் டூ தேறினவனாகவே வைத்துக்கொள்ளவும் சர்க்கார் உத்தரவு இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் இருக்கும் ஐ.டி.ஐ. வாலிபர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கையைத் தூக்கச் சொன்னால் நான்கு கை தூக்குமா என்பது சந்தேகம்.

அந்தச் சலவைத் தோழருடைய பெண்ணின் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். பி.எஸ்ஸி. நர்சிங் வாசல் மூடித்தான் இருந்தது. ஆனால் இந்திய நர்சிங் கவுன்சில் விதிகளை எடுத்துப் பார்த்தால், ஜி.என்.எம். என்கிற மூன்று வருஷ நர்சிங் டிப்ளமாவுக்கு எந்தக் குரூப்பில் பிளஸ் டூ தேறினவர்களும் வரலாம், சயன்ஸ் படித்திருந்தால் விசேஷம் என்றிருக்கிறது. அந்த டிப்ளமாவை முடித்து நர்சாகப் பதிவு செய்துகொண்டவர்கள், போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங் என்று இரண்டு வருஷம் படித்துப் பட்டம் வாங்கலாம்; அதற்குமேல் எம்.எஸ்ஸி.யும் படிக்கலாம். நான்கு வருஷத்தில் போகவேண்டிய இடத்துக்கு ஐந்து வருஷமாகும், அவ்வளவுதான். எந்தப் பள்ளி எந்த விதிப்படி சேர்க்கிறது என்று அந்தந்த வருஷத்துப் புத்தகத்தைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்கவேண்டும். அந்தப் பெண் அப்படிப் பார்த்து, வெளியூரில் ஒரு நர்சிங் பள்ளியில் சேர்ந்து இப்போது ஒரு வருஷம் முடித்திருக்கிறாள். தகப்பனார் சொன்ன 'தலையெழுத்து' என்ன ஆயிற்று? புத்தகத்தின் அடுத்த அத்தியாயத்தைப் படிக்கிறவரைக்கும்தான் அதற்கு ஆயுள்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி வருகிறது. உயிரியல் படிக்காத பெண் டிப்ளமா வழியாக வந்தால் ஆஸ்பத்திரியில் ஊசி போடலாம் என்றால், அவள் நேராகப் பட்டப்படிப்புக்கு வந்து முதல் வருஷத்தில் உயிரியலைச் சேர்த்துப் படிக்க ஏன் கூடாது? உடம்பு சாஸ்திரம் இரண்டு வகுப்பிலும் ஒன்றுதானே! இதைக் கேட்டால் 'தரம்' என்பார்கள். தரம் வேண்டுமென்றால் சொல்லிக்கொடு, சொல்லிக்கொடுத்துப் பரீட்சை வை, தேறாவிட்டால் நிறுத்து. சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே நிறுத்துவது எந்தத் தரத்தில் சேர்ந்தது?

இது நம்முடைய வீம்பான வாதம் என்று யாரும் சொல்ல முடியாது. மேலே இருக்கிறவர்களே இதை ஒப்புக்கொண்டு வருகிறார்கள். 2021-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில், பதினான்கு பாடங்களின் பெயரைப் போட்டு அவைகளில் எவையேனும் மூன்று படித்தவர்களை இன்ஜினீயரிங்கில் சேர்க்கலாம் என்றும், குறைகிற கணிதத்தையும் பௌதிகத்தையும் சேர்ந்தபிறகு இணைப்பு வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்றும் வழி விட்டது. இதில் நமக்கு ஒரு பயமும் உண்டு. இணைப்பு வகுப்பு என்று காகிதத்தில் எழுதிவிட்டுப் பணத்தை மாத்திரம் வாங்கிக்கொண்டு பிள்ளையை நட்டாற்றில் விடுகிற காலேஜ் முதலாளிகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. வகுப்பு நடக்காவிட்டால் அது படியும் அல்ல, சுவரும் அல்ல, படுகுழி. அதேபோல் 2023-ல் தேசிய மெடிக்கல் கமிஷனும், பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர்கள் பிறகு அதைத் தனிப்பாடமாக எழுதித் தேறினால் டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சை எழுதலாம் என்று விதியைத் தளர்த்தியது. நேற்றுவரை அசையாத விதி இன்று அசைந்ததென்றால், அது மனிதன் கையில் இருக்கிற சாமான் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

அமெரிக்காவில் காலிபோர்னியா என்கிற ராஜ்யத்தில் நடந்ததை இங்கே சொல்லவேண்டும். அங்கே 1960-லேயே ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். மதிப்பெண்ணில் முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்குப் பெரிய சர்வகலாசாலை. முதல் மூன்றில் ஒரு பங்குக்கு ராஜ்யக் காலேஜ். மற்ற யாராயிருந்தாலும் ஊர்க் காலேஜ். ஊர்க் காலேஜில் தச்சும் படிக்கலாம், தத்துவமும் படிக்கலாம். இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பெரிய சர்வகலாசாலைக்கு மாறவும் படி உண்டு. கேட்க நன்றாயிருக்கிறதல்லவா? ஆனால் ஊர்க் காலேஜ்களில் உள்ளே ஒரு சுவர் எழும்பிற்று. சேர்ந்தவுடன் கணக்கிலும் இங்கிலீஷிலும் ஒரு சோதனை வைத்து, குறைந்தவர்களை, "முதலில் கீழ்க் கணக்கு ஒரு பருவம் படி, பிறகு அடுத்த கீழ்க் கணக்கு ஒரு பருவம் படி" என்று பட்டத்துக்குச் சேராத வகுப்புகளில் போட்டார்கள். கறுப்பின மக்களின் பிள்ளைகளும், மெக்சிகோ வழியில் வந்தவர்களின் பிள்ளைகளுமே அதில் அதிகமாக விழுந்தார்கள். பாதிப்பேருக்குமேல் அந்தச் சந்திலேயே சலித்துப் படிப்பை விட்டுப் போனார்கள். 2017-ல் ஒரு சட்டம் செய்தார்கள்: ஒரு நாள் சோதனையை வைத்துப் பிள்ளையைக் கீழே தள்ளாதே, பள்ளிக்கூடத்தில் வாங்கின மதிப்பெண்ணைப் பார்த்து நேராகக் காலேஜ் கணக்கில் சேர், வேண்டுமானால் கூடவே உதவி வகுப்பு வை என்று. என்ன ஆயிற்று? முன்னைவிட அதிகம் பேர் ஒரே வருஷத்தில் காலேஜ் கணக்கைத் தேறினார்கள். தேறாதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முன்பு வாசலுக்குக்கூட வராமல் போனவர்களைவிட இவர்கள் மோசமாகிவிடவில்லை.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு நீட் ஞாபகம் வந்தால் அது தப்பல்ல. தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது; கிராமத்துப் பிள்ளையைத் தடுக்கிறது என்று கண்டு 2006-ல் சட்டம் செய்து, 2007-ல் ஜனாதிபதி ஒப்புதலோடு எடுத்தோம். பத்து வருஷம் அது இல்லாமலே டாக்டர்கள் படித்து வெளிவந்தார்கள்; அவர்களிடம்தான் இன்று நாம் வைத்தியம் பார்த்துக்கொள்ளுகிறோம். 2017 முதல் நீட் என்கிற பெயரில் அது திரும்பிவந்தது. இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்த படிப்பு யோக்கியதாம்சமல்ல, மூன்று மணி நேரப் பரீட்சைதான் யோக்கியதாம்சம் என்றால், அந்த மூன்று மணி நேரத்துக்கு லட்சக்கணக்கில் கொடுத்துப் பயிற்சி வாங்கக்கூடியவனுக்கே லாபம். முதல் மூன்று வருஷங்களில் அரசுப் பள்ளியிலிருந்து டாக்டர் படிப்புக்குப் போன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020-ல் 7.5 சதவிகிதம் உள் ஒதுக்கீடு என்று சட்டம் வந்தபிறகு அது வருஷத்துக்கு நூற்றுக்கணக்காயிற்று. ஒரே வருஷத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூளை வளர்ந்துவிட்டதா? இல்லை, மதிலில் ஒரு கதவு வைத்தார்கள். அடுத்த வருஷமே அந்த ஒதுக்கீடு இன்ஜினீயரிங், விவசாயம், கால்நடை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரையில் தொடர்ந்து படித்திருக்கவேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. இடையில் ஒரு வருஷம் ஆசைப்பட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். ஆறாவது படிக்கும் பிள்ளையின் தாய்மார்கள் இதை இப்போதே காதில் போட்டுக்கொள்ளவேண்டும்.

இன்னொன்று, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பெரியவர்களுக்குச் சொல்லுகிறோம். பத்தாவதும் பிளஸ் டூவும் இல்லாமலே திறந்தவெளிச் சர்வகலாசாலையில் பட்டம் வாங்கலாம் என்று விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டினவர்கள் உண்டு. படிப்பதை நாம் தடுக்கவில்லை. அறிவுக்கு வயதும் இல்லை, வரிசையும் இல்லை. ஆனால் சர்க்கார் உத்தியோகத்துக்கு அந்தப் பட்டம் செல்ல வேண்டுமானால் பத்தாவது, பிளஸ் டூ, அதற்குப்பின் பட்டம் என்ற வரிசையில் இருக்கவேண்டும் என்று 2009-ல் தமிழ்நாடு சர்க்கார் உத்தரவு போட்டது. எம்.ஏ. பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பி.ஏ. கேட்கிற இடத்தில் தலைகுனிந்து நிற்கிற அவஸ்தை வேண்டாம். பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம் சங்கத்துக்கும் சர்க்காருக்கும் இரண்டொரு வார்த்தை. பஞ்சாயத்துக்கு ஒரு மேனிலைப்பள்ளி என்று பெருமை பேசினால் போதாது. அதில் உயிரியல் வாத்தியார் இருக்கிறாரா, கணித வாத்தியார் இருக்கிறாரா என்பதே கேள்வி. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே சர்க்காரின் காலேஜ் வாசலில் "உயிரியல் படித்தாயா?" என்று கேட்பது கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்லுகிற கதையாகும். இந்த ஊர்ப் பள்ளியில் அந்த இடம் இரண்டு வருஷமாகக் காலியாயிருக்கிறது என்று எழுதி, நூறு பெற்றோர்களுடைய கையெழுத்து வாங்கி, கல்வி இலாகாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறோம். காகிதம் அந்த மேஜையின்மேல் இருக்கிறது. கைநாட்டும் போடலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்தப் படிப்பகத்தில் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., நர்சிங், இன்ஜினீயரிங், சட்டம், கலைக் காலேஜ் ஆகியவைகளின் இந்த வருஷத்து விதிப்புத்தகங்களைக் கொண்டுவந்து வைக்கிறோம். பத்தாவது, பிளஸ் டூ தேறின பிள்ளைகளும், தேறாத பிள்ளைகளும் மதிப்பெண் பட்டியலோடும், ஜாதிச் சான்று, வருமானச் சான்று இருந்தால் அவைகளோடும் வரவேண்டும். பெண் பிள்ளைகளை அவசியம் அழைத்துவாருங்கள். ராகுகாலம் சாயங்காலம் என்று யாரும் கணக்குப் பார்க்கவேண்டாம்; மத்தியானம் ஒரு மணிவரையில்தான் இருப்போம். அந்த நர்சிங் பள்ளிப் பெண்ணும் லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள். 'தகுதி' என்று போட்டிருக்கும் பக்கம் எந்தப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்பது நம்மைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே முதல் மேஜையில் அவளைத்தான் உட்கார வைக்கப்போகிறோம்.